தேவாஸுர விவேகமும் திருப்பல்லாண்டும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணத்தில் காலநேமி என்னும் அஸுரனின் பெயர் வருகிறது. முனிவர்களை நலிந்த அவனை நிரஸித்தபின் எம்பெருமான் இங்கே வடபத்ரசாயியாகக் கண்வளர்ந்தருளினான் என்பது அதன் கூற்று. அங்கிருந்து தென்மேற்கே அடுத்த ஊர் ராஜபாளையம். அங்குள்ள சஞ்சீவி மலையைக் காட்டி, திருவடியாகிய அநுமன் மருந்துமலையைச் சுமந்து சென்றபோது இங்கு விழுந்த துண்டு இது என்று ஊரார் சொல்வர். அந்த மருந்துமலைக் கதையிலும் ஒரு காலநேமி வருகிறான்.

இவ்விரண்டையும் கேட்டிருந்த ஓர் இளைஞர் அண்மையில் அடியேனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார். இருவரும் ஒருவனேயோ என்பது முதற்கேள்வி. அஸுரர் என்று இழித்துரைக்கப்பட்டோர் இந்நாட்டின் பழங்குடிகளாகிய நம் முன்னோரே என்று பலரும் எழுதுகிறார்களே. அப்படியாயின் அவர்கள் மாண்டதைச் சொல்லும் பாசுரங்களை நாம் எப்படி மகிழ்ந்து ஸேவிப்பது என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதைக் கேட்டவர் முகத்தில் குதர்க்கம் இல்லை, வருத்தமே இருந்தது. ஆதலால் அதனைத் தள்ளிவிடாமல், சொல்லின் வரலாறு, தோற்றத்தின் வரலாறு, ஆசார்யர்கள் காட்டிய பொருள் என்னும் முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அஸுரன் என்னும் சொல்

ருக்வேதத்தின் பழைய பகுதிகளில் அஸுர சப்தம் பெரும்பாலும் ஏற்றத்தையே குறிக்கிறது. வருணன், மித்ரன், இந்த்ரன், அக்நி, ஸவிதா ஆகியோர் அங்கே அஸுரர் என்று போற்றப்படுகிறார்கள். மூன்றாம் மண்டலத்து 55ஆம் ஸூக்தத்தில் 22 மந்த்ரங்கள் உள்ளன. தேவர்களின் அஸுரத்தன்மை பெரிது, அது ஒன்றே என்னும் கருத்து அம்மந்த்ரங்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்ப வருகிறது. 'அஸு' என்பது உயிர்ப்பு, ப்ராணன். உயிராற்றல் உடையவன், உயிரளிப்பவன் என்று பொருள்படும்படி ஸாயணரும் இவ்விடங்களுக்கு உரை காண்கிறார். பாரசீகரின் பழமறையான அவெஸ்தாவில் பரம்பொருளுக்கு அஹுர மஸ்தா என்று பெயர். வடமொழி ஸகரம் அம்மொழியில் ஹகரமாகும். ஆகவே அஹுரனும் அஸுரனும் ஒரே சொல். அங்கே தள்ளத்தக்கவர்களுக்கு வழங்கும் 'தஏவ' என்னும் பெயரோ நம் 'தேவ' சப்தமே. ஒரே குடும்பத்து மொழிகள் இரண்டில் ஒன்று உயர்த்தியதை மற்றொன்று தாழ்த்தியது என்றால், இழிவு அந்தச் சொல்லோடு பிறந்ததன்று என்பது தெளிவு.

ருக்வேதத்தின் பிற்பகுதியிலும் அதர்வ வேதத்திலும் தேவர்க்குப் பகைவர் என்னும் பொருள் வலுக்கிறது. ப்ராஹ்மணங்களில் அது நிலைபெறுகிறது. அதன்பின் சொல்லைப் பிரித்தவர்கள் முதலெழுத்தை எதிர்மறையாகக் கொண்டு, ஸுரர் அல்லாதவர் அஸுரர் என்றனர். தேவர் என்னும் பொருளில் 'ஸுர' சப்தம் ருக்வேத ஸம்ஹிதையில் காணப்படுவதில்லை. அஸுர சப்தத்தைப் பிரித்ததனாலேயே அது பிற்காலத்தில் கிளைத்தது என்று சொல்லாய்வாளர் கொள்வர். யாஸ்கர் நிருக்தத்தில் ஒரே நிர்வசனத்தோடு அமையாமல் பலவற்றை வரிசையாகத் தருகிறார்: தம் இடங்களில் நிலைத்து இன்புறாதவர், இடங்களினின்று எறியப்பட்டவர், ப்ராணனை உடையவர் என்பன அவற்றுட் சில. ஸ்ரீமத் ராமாயண பாலகாண்டம் வேறொரு வழி காட்டுகிறது. பாற்கடல் கடைந்தபோது தோன்றிய வாருணியை, அதாவது ஸுரையை, ஏற்றவர் ஸுரர், ஏலாதவர் அஸுரர். இந்தக் கணக்கின்படி கள்ளை மறுத்தவரே அஸுரர் ஆகிறார்! ஆக, இச்சொல்லைக் கொண்டுமட்டும் ஒரு கூட்டத்தை இழிந்தோர் என்று முடிவு கட்ட முடியாது.

ஒரு தந்தையின் மக்கள்

தோற்றத்தைப் பார்ப்போம். ப்ருஹதாரண்யகமும் சாந்தோக்யமும் தேவர், அஸுரர் என்னும் இருசாராரையும் ப்ரஜாபதியின் மக்களென்றே சொல்லும். ப்ருஹதாரண்யகம் அவர்களுள் தேவர் தொகையில் குறைந்தவர், அஸுரர் மிக்கவர் என்றும் கூறும். இதிஹாஸ புராணங்களில் இருவர்க்கும் தந்தை கச்யபர். அதிதியின் மக்கள் ஆதித்யர். திதியின் மக்கள் தைத்யர். தநுவின் மக்கள் தாநவர். இவர்களுக்குள் நடப்பது ஒரு வீட்டுப் பிள்ளைகளின் தாயபாகச் சண்டை. விஷ்ணுபுராணத்தின் படைப்புப் பகுதியில், நான்முகன் தமோகுணம் மிக்கிருந்தபோது அஸுரரும், ஸத்வம் மிக்கிருந்தபோது தேவரும் தோன்றினர் என்றும், அவன் விட்ட உடல்கள் முறையே இரவும் பகலும் ஆயின என்றும் காண்கிறோம். அங்கும் படைத்தவன் ஒருவனே, வேறுபட்டது குணம்.

ராக்ஷஸர் வழி வேறு. புலஸ்த்ய ப்ரஹ்மரிஷியின் மகன் விச்ரவஸ். அவர் மகன் ராவணன். உத்தரகாண்டம் இவ்வினத்துப் பெயர்க்கே ஒரு காரணம் சொல்கிறது. நான்முகன் தான் படைத்தவர்களை நோக்கிக் காக்கும்படி கட்டளையிட, காப்போம் என்றவர் ராக்ஷஸர் ஆயினர். வழிபடுவோம் என்றவர் யக்ஷர் ஆயினர். காக்க வந்தவர் பெயர் பின்னாளில் கவர்பவர் பெயரானது, அவர்கள் செயலாலே.

சாந்தோக்யத்தின் எட்டாம் ப்ரபாடகம் இருசாரார்க்கும் உள்ள வாசியைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஆத்மாவை அறிய விரும்பி தேவரிலிருந்து இந்த்ரனும் அஸுரரிலிருந்து விரோசனனும் ப்ரஜாபதியிடம் செல்கின்றனர். இருவரும் 32 ஆண்டு ப்ரஹ்மசர்யம் காக்கின்றனர். இருவரும் ஒரே உபதேசத்தைக் கேட்கின்றனர். நீர்ப்பாத்திரத்தில் தெரிந்த தன் அலங்கரித்த உருவைக் கண்டு, உடம்பே ஆத்மா என்று நிறைவுற்று விரோசனன் திரும்பிப் போய்விடுகிறான். இந்த்ரனும் போகிறான், ஆனால் பாதி வழியில் ஐயம் பிறக்கிறது. உடம்பு குருடானால் ஆத்மாவும் குருடாமோ என்று எண்ணித் திரும்புகிறான்; மீண்டும் மீண்டும் வந்து, 101 ஆண்டு நிறைந்தபின் தெளிவு பெறுகிறான். இருவர்க்கும் ஆசார்யன் ஒருவர், உபதேசம் ஒன்று. ஐயம் வந்தபோது திரும்பி வந்தானா என்பதே வாசி. கொடாதவனையும் ச்ரத்தையற்றவனையும் வேள்வி செய்யாதவனையும் இன்றும் அஸுரன் என்கிறார்கள் என்று அவ்வுபநிஷத்தே முடிக்கிறது. பிறப்பைப் பற்றி அங்கே பேச்சில்லை.

முன்னோர் என்னும் கூற்று

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். தேவர் ஆரியர், அஸுரர் த்ராவிடர் என்னும் கொள்கை கடந்த இரு நூற்றாண்டுகளில் பரவியது. அது பிறந்த ஆதங்கம் பொய்யன்று. ஒரு பகுதி மக்களைப் பிறப்பால் தாழ்த்துவதற்கு இச்சொற்களைச் சிலர் கையாண்டதுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அக்கொள்கை நூல்களோடு பொருந்தவில்லை. அஸுரர் கச்யபரின் மக்கள். அவர்களுக்குப் புரோஹிதர் ப்ருகு குலத்துச் சுக்ராசார்யர். வ்ருத்ரனைக் கொன்ற இந்த்ரனை ப்ரஹ்மஹத்தி பற்றியது. ராவணன் வேதம் ஓதியவன். இவர்களை வேதத்துக்கு அயலான ஓர் இனமாகக் கொள்ள இடமில்லை.

தமிழ்ப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவ்வாறே. சங்கப் புலவர்கள் அஸுரரை அவுணர் என்பர். அவுணர் ஒளித்துவைத்த ஞாயிற்றை மை நிறத்து அண்ணல் மீட்டுத்தந்த செய்தி புறநானூற்று 174ஆம் பாட்டில் உண்டு. முருகன் சூரனை வென்றதைத் திருமுருகாற்றுப்படை போற்றும். அவுணரைத் தம் முன்னோர் என்று எண்ணிய குரல் அப்பழந்தமிழ்ப் புலவர்களிடம் கேட்கவில்லை. நம் முன்னோர் யார் என்பதற்கு வேறு சான்றுகள் வேண்டும்; அஸுர சப்தம் அதற்குச் சான்றாகாது.

இரு காலநேமிகள்

தலபுராணம் சொல்லும் காலநேமி அஸுரன். தாரகாமய யுத்தத்தில் தேவர்களை வென்று, இறுதியில் திருமாலின் திருவாழியால் மாண்டவனாக ஹரிவம்சம் அவனை விரிக்கிறது. அவனே உக்ரஸேனன் மகன் கம்ஸனாக மீண்டும் பிறந்தான். இதனை நாரதர் கம்ஸனுக்கே தெரிவித்தார் என்று ஸ்ரீபாகவதம் கூறும். முற்பிறப்பில் யாரால் மாண்டோம் என்று அறிந்தும் அவன் திருந்தவில்லை. அந்த அறிவு அச்சமாகவும், அச்சம் சிசுவதமாகவும் முடிந்தது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. காலநேமியின் பிள்ளைகளான ஷட்கர்ப்பர் அறுவர் தன்னை விட்டு நான்முகனிடம் வரம் பெற்றது பொறாத ஹிரண்யகசிபு, உங்கள் தந்தையே உங்களைக் கொல்வான் என்று சபித்தான் என்பது ஹரிவம்சம். அவ்வறுவரே தேவகியின் முதல் ஆறு பிள்ளைகள். கம்ஸன் கல்லில் மோதிக் கொன்றது தான் முன்பு பெற்ற மக்களையே. ஸ்ரீபாகவதமோ அவ்வறுவரின் முன்வரலாற்றை வேறாகச் சொல்கிறது: மரீசியின் மக்களாகத் தேவநிலையில் இருந்தவர்கள், நான்முகனை நகைத்த குற்றத்தால் அஸுர யோனியில் பிறந்து, பின்பு தேவகி வயிற்றில் மனிதராய்ப் பிறந்து மாண்டு, கண்ணனால் ஸுதல லோகத்திலிருந்து மீட்கப்பட்டு, அவன் பருகி மிஞ்சிய தாய்ப்பாலைப் பருகியதும் மீண்டும் தேவருலகு சென்றனர். அதே உயிர்கள் தேவராயும் அஸுரராயும் மனிதராயும் மறுபடி தேவராயும் ஆயின. தேவத்வமும் அஸுரத்வமும் ஆத்மாவின் ஸ்வரூபமாக இருந்தால் இது எங்ஙனம் கூடும்?

பட்டர்பிரான் கோதையும் அவள் திருத்தமப்பனாரும் தம்மை ஆயர்பாடியில் வைத்துப் பாடியது இந்தக் கம்ஸனின் காலத்து அச்சத்தை நேரில் அநுபவித்தே. அறுவரை இழந்த தேவகியின் வயிற்றில் அவன் வந்து பிறந்ததைப் பெரியாழ்வார் திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில் நினைக்கிறார். கம்ஸன் எண்ணிய தீங்கை அவனிடமே போக்கி, அவன் வயிற்றினுள் நெருப்பைப்போல் நின்றான் என்று ஆண்டாள் திருப்பாவையின் 25ஆம் பாசுரத்தில் அருளிச்செய்கிறாள். எரிந்த நெருப்பு கம்ஸன் தன் நினைவிலேயே வளர்த்துக்கொண்டது. தலபுராணத்துக் காலநேமியையும் பாசுரத்துக் கம்ஸனையும் சேர்த்துப் பார்ப்பார்க்கு வில்லிபுத்தூரின் இவ்விரு வரலாறுகளும் ஒரே உயிரின் இரு பிறப்புகளாகத் தோன்றும்.

மருந்துமலைக் காலநேமியோ ராக்ஷஸன். ராவணன் ஏவலால் முனிவன் வேடம் பூண்டு ஆச்ரமம் அமைத்து, அநுமனைத் தாமதப்படுத்த முயன்று மாண்டவன். இக்கதை அத்யாத்ம ராமாயணத்தில் உள்ளது. நம் நாட்டில் பாராயணம் செய்யும் வால்மீகி பாடத்தில் இல்லை. ஆகவே இருவரும் பெயரால் ஒருவர், வரலாற்றால் வேறு. எனினும் இரண்டாமவனிடம் ஒரு பாடம் உண்டு. ராக்ஷஸன் தவவேடத்தில் வந்தான். தர்மாத்மாவான விபீஷணனோ ராக்ஷஸ உடலில் வந்தான். அவன் நடத்தை ராக்ஷஸர் நடத்தையன்று என்று சூர்ப்பணகையே ஆரண்யகாண்டத்தில் ஒப்புகிறாள். வேடத்தையும் குலத்தையும் கொண்டு தேறுவார் இருவரிடத்தும் ஏமாறுவர்.

ஆசார்யர்கள் காட்டிய பொருள்

கீதையின் 16ஆம் அத்யாயம் தைவ ஸம்பத்து, ஆஸுர ஸம்பத்து என்று இரண்டைப் பிரிக்கிறது. அங்கே எம்பெருமானார் தம் பாஷ்யத்தில், பகவானின் ஆஜ்ஞையைப் பின்பற்றும் இயல்பினர் தேவர், அதனை மீறும் இயல்பினர் அஸுரர் என்று பொருள் அருளிச்செய்தார். கண்ணன் அங்கே அர்ஜுனனைச் சோகியாதே என்று தேற்றுவதையும் நோக்க வேண்டும். தன் நிலை எதுவோ என்று அஞ்சுகிறவனைத் தேற்றும் இடம் அது; பிறரைச் சுட்டி இகழும் இடமன்று. வேதார்த்த ஸங்க்ரஹத் தொடக்கத்திலும், தேவன், மனிதன் என்னும் வேறுபாடுகள் கர்மத்தால் வந்த உடல் பற்றியவை. ஆத்மாக்கள் அனைத்தும் ஞானமே வடிவாய் ஒத்தவை என்று நிலைநாட்டினார்.

சங்கரர் ப்ருஹதாரண்யக உரையில் ஓரிடத்து, மனிதருள்ளேயே அடக்கமற்றோர் தேவர், உலோபிகள் மனிதர், கொடியோர் அஸுரர் என்று கொள்ளலாம் என்பார். நம் ஸித்தாந்தம் தேவரை உருவகமாகக் கரைத்துவிடுவதில்லை. ப்ரஹ்மஸூத்ரத்தின் தேவதாதிகரணத்தில், தேவர்க்கு உடல் உண்டு, உபாஸனத்தில் அதிகாரமும் உண்டு என்று ஸ்ரீபாஷ்யம் ஸாதிக்கிறது. ஆனால் அவர்களும் கர்மவச்யர். பதவியில் அமர்ந்திருக்கும் ஜீவர்களே. நரகாஸுரனைக் கொன்று இழந்த செல்வத்தை மீட்டுக் கொடுத்த கண்ணன்மேலேயே பாரிஜாதத்துக்காக வஜ்ரம் எடுத்தான் இந்த்ரன் என்று விஷ்ணுபுராணம் கூறும். ப்ரயோஜநம் கைப்பட்டவுடன் உபகாரகனை மறப்பது தேவர்க்கும் உண்டு. அஸுர குலத்து ப்ரஹ்லாதனோ ஒன்றும் வேண்டாத பக்தன். எனவேதான் நித்யஸூரிகளை இந்த தேவரினின்றும் வேறாகப் பிரித்துக் காட்டுவர் நம் பூர்வர்கள்.

எல்லார்க்கும் ஸமனான எம்பெருமான் ஒரு சாராரைக் கொல்வது பக்ஷபாதம் ஆகாதோ எனின், ஸ்ரீபாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்துத் தொடக்கத்தில் பரீக்ஷித்தே இதைக் கேட்கிறான். ஹிரண்யகசிபுவும் ஹிரண்யாக்ஷனும் ஸ்ரீவைகுண்டத்து வாயில் காவலரான ஜயவிஜயர்களே என்பது அங்கே வரும் விடை. ஸூத்ரகாரரும் ஈச்வரனுக்குப் பாரபக்ஷமும் இரக்கமின்மையும் இல்லை, கர்மத்தை அபேக்ஷித்தே பலனளிக்கிறான் என்று தீர்த்தார். பாணனின் கதையையும் நினைக்கலாம். அவன் பலியின் மகன், ப்ரஹ்லாதனின் பரம்பரை. ஆயிரம் தோள்களை அறுத்த கண்ணன், ப்ரஹ்லாதனுக்குக் கொடுத்த வாக்கை எண்ணி அவன் உயிரை அறுக்கவில்லை. பாணன் மகள் உஷை கண்ணனின் பேரன் அநிருத்தனுக்குத் தேவியானாள். அறுபட்டது செருக்கு, குலம் சம்பந்தி குலமாயிற்று.

திருப்பல்லாண்டின் குலங்கள்

இப்போது மூலவினாவுக்கு விடை சொல்லலாம். திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களில் மல்லர், இலங்கை அரக்கர், ஹிரண்யன், பாணன் ஆகியோரின் தோல்வி வருகிறது. ஆனால் அது வெற்றிக் களிப்பாக வருவதில்லை. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் மற்றை ஆழ்வார்களினும் பெரியாழ்வார்க்குள்ள வாசியைப் பலவாகக் காட்டினார். அச்சத்தைப் போக்கத் தக்கவற்றுக்கே அஞ்சுவது ஒன்று. ப்ரதிகூலரையும் அநுகூலராக்கிக் கொள்வது மற்றொன்று. மல்லரை அடர்த்த தோளைக் கண்டு பிறர் தேறுவர். ஆழ்வாரோ அத்தோளுக்கு என்ன வருமோ என்று காப்பிடுகிறார். எதிரியின் வீழ்ச்சி அவர்க்கு எம்பெருமான் பட்ட ஆயாஸமாகவே தோன்றுகிறது.

ஐந்தாம் பாசுரத்தில் குலம் என்னும் சொல் நான்கு முறை வருகிறது. அண்டங்களின் தொகுதி முதலாவது. களையெடுக்கப்பட்ட அஸுர ராக்ஷஸர் திரள் இரண்டாவது. தொண்டர் குலம் மூன்றாவது. கேட்போர் கைவிட வேண்டிய பண்டைக் குலம் நான்காவது. இங்கு அழைக்கப்படுபவர் ஐச்வர்யத்தை விரும்பி வந்தவர் என்பது வ்யாக்யானம். அவர் விட வேண்டிய பண்டைக் குலம் தாய்தந்தையரால் வந்தது அன்று. வேறு பலன் வேண்டி நின்ற பழைய நிலை. அமுதம் வேண்டிக் கடல் கடைவித்த தேவரும் நின்ற நிலை அதுவே. விட்டு வந்தவர் புகுவது தொண்டக்குலம். ஒரு நொடியில் விடக்கூடியதும் புகக்கூடியதுமாகக் குலத்தை ஆழ்வார் பாடியிருக்க, அஸுரக் குலத்தை மட்டும் மாற்ற முடியாத பிறவி என்று எங்ஙனம் கொள்வது?

ஆகவே அந்த இளைஞர்க்கு அடியேன் விண்ணப்பித்தது இவ்வளவே. இப்பாசுரங்களில் மாண்டவர் எவருடைய முன்னோரும் அல்லர். எல்லாருள்ளும் தலையெடுக்கும் ஆஜ்ஞாதிலங்கனம் அது. அச்சொல்லைப் பிறர்மேல் எறிபவர் எந்தக் குலத்தவராயினும், பெரியாழ்வாரின் அழைப்பை இன்னும் கேட்டிலர். அவர் மறுநாள் விடியலில் ஸந்நிதிக்கு வந்திருந்தார். கோஷ்டியில் பல்லாண்டு தொடங்கியபோது பின்வரிசையில் நின்று சேர்ந்து ஸேவித்தார். ஐந்தாம் பாசுரத்தை அவர் விடவில்லை.